எஞ்சின் கவுலிங்கைப் பொருத்தி வெட்டுவது எப்படி: முதல் முறை விமானம் கட்டுகிறவர்களுக்கு

கிட் வாங்கி விமானம் கட்டுகிறவர்களில் நிறைய பேர் இறக்கை, வால், உடல்பகுதி எல்லாவற்றையும் நன்றாக முடித்துவிட்டு, கவுலிங்கில், அதாவது எஞ்சினை மூடும் உறையில், வந்து மாதக்கணக்கில் நின்றுவிடுவார்கள். அதுவரை கைக்கு வந்த அலுமினியத் தகடுகளில் துளைகள் ஏற்கனவே போட்டிருக்கும். துளைக்குத் துளை சேர்த்தால் வடிவம் தானாக வரும். கவுலிங்கில் அப்படி எதுவும் கிடையாது. தேவைக்கு மேல் பெரிதாக வார்த்த இரண்டு ஃபைபர் கிளாஸ் ஓடுகள், கூடவே வரைபடத்தில் ‘பொருந்தும் வரை வெட்டவும்’ என்று ஒரு வரி. அந்த ஒரு வரிக்குள் என்னென்ன வேலை ஒளிந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ள நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. உங்களுக்கு அந்தப் பாடு வேண்டாம்.

இங்கே சொல்வது அலுமினிய உடல், மேல் கீழ் என இரண்டு பாதியாக வரும் ஃபைபர் கிளாஸ் கவுலிங், காற்றால் குளிரும் நான்கு சிலிண்டர் எஞ்சின், மூக்கில் புரொப்பெல்லர் என்ற அமைப்புக்கு. உங்கள் கிட்டின் வரைபடம் வேறு மாதிரி சொன்னால் வரைபடம் சொல்வதையே செய்யுங்கள்.

ஒரு விஷயத்தை முதலிலேயே மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். கவுலிங்கின் எல்லா அளவும் ஸ்பின்னரில் (புரொப்பெல்லரின் நடுவை மூடும் கூம்பு) தொடங்கி ஃபயர்வாலில் (எஞ்சினுக்கும் உடலுக்கும் நடுவில் நிற்கும் தடுப்புச் சுவர்) முடிகிறது. அந்த இரண்டு முனையும் இனி அசையாது என்று ஆன பிறகுதான் நடுவில் இருப்பதை வெட்டலாம். கீழே வரும் வரிசை முழுவதும் இதை வைத்துத்தான்.

1. வெட்டும் முன் எதெல்லாம் முடிந்திருக்க வேண்டும்

எஞ்சின் அதன் மவுண்டில் ஏறி, போல்ட்டுகள் கையேட்டில் சொன்ன முறுக்கு அளவுக்கு இறுக்கப்பட்டிருக்க வேண்டும். ஃபயர்வாலுக்குப் பின்னால் வரும் மேல் தகடு ரிவெட் அடித்து முடிந்திருந்தால் நல்லது. குறைந்தது எல்லாத் துளையிலும் கிளெக்கோ (ரிவெட் வரும் வரை தகடுகளைச் சேர்த்துப் பிடிக்கும் தற்காலிக ஊசி) போட்டுத் தன் இடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். அந்தத் தகடு ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலும் கவுலிங்கின் பின்விளிம்பு முழுக்கத் தப்பாகிவிடும். எக்ஸாஸ்ட் குழாய்கள், ஆல்டர்னேட்டர், ஸ்டார்ட்டர், காற்றுப் பெட்டி இவையும் எஞ்சினில் இருக்கட்டும். ஓடு எதில் முட்டுகிறது என்பது அப்போதுதான் தெரியும்.

இன்னும் செய்யக் கூடாத வேலை ஒன்று உண்டு. குளிர்காற்றைத் திருப்பிவிட சிலிண்டர்களைச் சுற்றி வரும் பேஃபிள் தகடுகளை இறுதி அளவுக்கு வெட்டாதீர்கள். அவற்றின் மேல்விளிம்பு, மேல் கவுலிங்கின் உட்புறத்தைப் பார்த்துத்தான் வெட்டப்படும். கவுலிங் முதலில், பேஃபிள் பிறகு.

புரொப்பெல்லர் இன்னும் வந்து சேரவில்லை என்றால் ஸ்பின்னரின் பின்தட்டு அளவில் பிளைவுட் வட்டம் ஒன்று வெட்டி, சரியான உயரத்தில் மரக்கட்டை வைத்து கிராங்க் ஃபிளாஞ்சில் (எஞ்சினில் புரொப்பெல்லர் ஏறும் வட்டத்தட்டு) போல்ட் செய்துகொள்ளலாம். ஆனால் அந்த உயரத்தை ஊகித்து வைக்க வேண்டாம். புரொப்பெல்லர் தயாரிப்பாளரிடம் உங்கள் மாடலுக்கான வரைபடத்தைக் கேட்டு வாங்கி, ஃபிளாஞ்ச் முகத்திலிருந்து ஸ்பின்னர் பின்தட்டு வரை எத்தனை மில்லிமீட்டர் என்று எழுத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள். இன்னொன்று, பிளைவுட் வட்டத்துக்கு எடை கிடையாது. கனமான உலோகப் புரொப்பெல்லர் ஏறியதும் ரப்பர் மவுண்டுகள் சற்று அமுங்கி மூக்கு தாழும். அந்த எடைக்கு ஈடாக ஏதாவது ஒன்றை ஃபிளாஞ்சில் தொங்கவிட்டு அளப்பது நல்லது.

2. கையில் இருக்க வேண்டிய காகிதங்கள்

கிட்டின் கவுலிங் வரைபடம் எத்தனையாவது திருத்தம் என்று பாருங்கள். பெட்டி வாங்கிச் சில வருடம் ஆகியிருந்தால் புதிய திருத்தம் வந்திருக்கலாம், தயாரிப்பாளரின் சேவை அறிவிப்பில் கவுலிங் பற்றி ஏதாவது சேர்ந்திருக்கலாம். அப்புறம் எஞ்சினின் பொருத்துதல் கையேடு, மேலே சொன்ன புரொப்பெல்லர் வரைபடம், நீங்கள் வாங்கும் ரெசினின் (ஃபைபர் கிளாஸ் வேலைக்கான பிசின்) தொழில்நுட்பத் தாள், பாதுகாப்புத் தாள். கலவை விகிதம், எத்தனை டிகிரியில் எத்தனை மணி நேரத்தில் இறுகும், மறு பூச்சு எப்போது என்பதெல்லாம் தொழில்நுட்பத் தாளில்தான் இருக்கும்.

கட்டுமானப் பதிவேட்டை இந்தக் கட்டத்தில் பலர் விட்டுவிடுகிறார்கள். தினமும் தேய்ப்பதும் வைத்துப் பார்ப்பதுமாகப் போவதால் எழுத ஒன்றுமில்லை என்று தோன்றும். அப்படி விட வேண்டாம். விமானத்தை நீங்களே கட்டினீர்கள் என்று விமானப் போக்குவரத்து ஆணையத்திடம் காட்ட வேண்டிய நாடுகளில் இந்த வேலை நல்ல சான்று. வெட்டும் முன், வெட்டிய பின், கீல் பொருத்திய பின் என்று தேதியோடு படம் எடுத்து வையுங்கள். ஓடுகள் பெட்டியிலிருந்து வந்த அன்றே இரண்டையும் தனித்தனியாக எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பட்டியும் பெயின்டும் எவ்வளவு ஏறியது என்று கடைசியில் தெரிய இது ஒன்றுதான் வழி.

3. செலவு எங்கே போகும், நேரம் எங்கே போகும்

பெரிய செலவுத் தீர்மானம், ஓடுகளை எதனால் மாட்டப் போகிறோம் என்பது. நீளக் கீலும் அதன் இரு பாதியைக் கோர்க்கும் கம்பியும் மலிவு, எடை குறைவு, வெளியே எதுவும் தெரியாது. காம்லாக் போன்ற கால்திருப்புத் திருகுகள் (கால் சுற்றுத் திருப்பினால் பூட்டுபவை) பல மடங்கு விலை, அவற்றுக்குத் தனி உலோக விளிம்புப் பட்டைகளும் வேண்டும். ஆனால் கழற்றி மாட்ட வசதி, அடிக்கடி கழற்றினாலும் தேய்வு குறைவு. என் கருத்தைக் கேட்டால், ஃபயர்வால் ஓரத்துக்குக் கால்திருப்புத் திருகு, பக்கவாட்டு நேர்க்கோட்டுக்குக் கீல். வளைந்த இடத்தில் நீளமான கம்பியைத் தள்ளி நுழைப்பது கையை நோகடிக்கும் வேலை. நேரான இடத்தில் அதே கம்பி வெண்ணெயில் போவது போல் போகும். எதுவானாலும் முதல் வெட்டுக்கு முன் முடிவெடுத்து, பொருள் கையில் வந்த பிறகு தொடங்குங்கள். ஃபயர்வாலில் வரும் பட்டையின் கனம் கவுலிங் உட்காரும் மட்டத்தையே மாற்றும்.

எல்லோரும் குறைத்து மதிப்பிடும் செலவு சில்லறைச் சாமான்கள்தான். உப்புத்தாள், வெட்டு வட்டுகள், கையுறை, கலக்கும் கிண்ணம், முகமூடி வடிகட்டி எல்லாம் நினைத்ததைவிட இரண்டு மடங்கு ஆகும். ஓட்டைத் தப்பாக வெட்டி மாற்று ஓடு வாங்க நேர்ந்தால், ஓட்டின் விலையைவிட அதை அனுப்பும் செலவு வலிக்கும். பெரிய வெற்றுப் பெட்டி என்பதால் எடைக்கு இல்லாமல் கன அளவுக்குத்தான் கட்டணம் போடுவார்கள்.

நேரத்தில் பாதி, ரெசின் இறுகக் காத்திருப்பது. சுமார் 25 டிகிரி செல்சியஸில் பெரும்பாலான எபாக்ஸி ரெசின்கள் ஒரு நாளில் தேய்க்கும் அளவுக்கு இறுகும். முழு வலிமை வர ஏறக்குறைய ஒரு வாரம் பிடிக்கும். குளிரில் இன்னும் இழுக்கும். அதனால் மாலையில் பூசி, மறுநாள் தேய்ப்பது என்று வேலையைப் பிரித்துக்கொண்டால் காத்திருப்பது தெரியாது.

4. ஸ்பின்னரிலிருந்து தொடங்குங்கள்

விமானத்தை ரசமட்டம் வைத்து நீளவாக்கிலும் குறுக்கிலும் சமன் செய்யுங்கள். சக்கரத்தில் நிற்கும் விமானம் தள்ளினால் ஆடும். ஜாக் போட்டு நிறுத்துவது நல்லது.

மேல் ஓட்டைத் தூக்கி எஞ்சின் மேல் வையுங்கள். பின்பக்கம் ஃபயர்வாலைத் தாண்டித் தகட்டின் மேல் ஏறி நிற்கும், நிற்கட்டும். முன்பக்கத்தை ஸ்பின்னர் பின்தட்டோடு ஒப்பிட வேண்டும். இரண்டுக்கும் நடுவில் சுமார் 6 மி.மீ. இடைவெளி விடுவது பொதுவான வழக்கம். அதே கனத்தில் மரத்துண்டுகள் வெட்டி, நடுவில் கொடுத்து, மாஸ்கிங் டேப்பால் கட்டிவிட்டால் ஓடு அசையாது.

இங்கே புதியவர்கள் விழும் குழிகள் மூன்று.

முதலாவது, எஞ்சின் சற்றுத் திரும்பியிருப்பது. பல விமானங்களில் மவுண்டே எஞ்சினை வலப்பக்கமாகவும் கீழ்நோக்கியும் சிறு கோணத்தில் பிடித்திருக்கும். புரொப்பெல்லரின் இழுப்பைச் சமன் செய்ய வடிவமைப்பாளர் வேண்டுமென்றே செய்தது அது. ஸ்பின்னர் கோணலாகத் தெரிகிறதே என்று மவுண்டில் கை வைக்க வேண்டாம். கவுலிங்கின் முகம் ஸ்பின்னருக்கு இணையாக இருந்தால் போதும், உடலின் நடுக்கோட்டுக்குச் செங்குத்தாக இருக்க வேண்டியதில்லை.

இரண்டாவது, எஞ்சின் தொய்வு. புது ரப்பர் மவுண்டுகள் முதல் சில பத்து மணி நேரப் பறப்பில் அமுங்கி, மூக்கு மெல்ல இறங்கும். அதனால் இப்போது ஸ்பின்னர் கவுலிங்கைவிட 1.5 முதல் 3 மி.மீ. வரை உயரமாக இருக்கும்படி வைப்பது அனுபவசாலிகள் வழக்கம். இன்று கண்ணுக்குச் சற்று உறுத்தும், பிறகு சமமாக வந்து நிற்கும்.

மூன்றாவது, கோணம் மாறும் புரொப்பெல்லர். பல ஒற்றை எஞ்சின் விமானங்களில் எண்ணெய் அழுத்தம் இல்லாதபோது பிளேடு குறைந்த கோணத்தில் நிற்கும். தரையில் நீங்கள் பார்ப்பது அந்த நிலையை மட்டும்தான். கோணம் கூடும்போது பிளேடின் அடிப்பகுதியில் பின்விளிம்பு கவுலிங்கை நோக்கிப் பின்னால் வரும். தயாரிப்பாளர் வரைபடத்தில் அதிகபட்சக் கோணத்தைப் பார்த்து, அங்கேயும் இடைவெளி இருக்கிறதா என்று கணக்குப் போட்டுவிட்டுத்தான் முகப்பின் இடத்தை முடிவு செய்ய வேண்டும்.

5. பின்விளிம்பில் கோடு எடுப்பது

இதுதான் வேலையின் இதயம், இங்கே அவசரம் காட்டாதீர்கள்.

ஓடு தகட்டை மூடிக்கொண்டு நிற்கும்போது, அடியில் இருக்கும் தகட்டின் விளிம்பு எங்கே என்று கண்ணுக்குத் தெரியாது. அதனால் ஓட்டை வைப்பதற்கு முன்பே தகட்டின் முன்விளிம்பிலிருந்து பின்னோக்கி, ஓட்டின் விளிம்பு எட்டாத தூரத்தில், ஒரே அளவில் புள்ளிகள் வைத்துக்கொள்ள வேண்டும். 100 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். மேல் நடுவில் ஒன்று, அங்கிருந்து இரண்டு பக்கமும் ஒவ்வொரு 50 மி.மீ.க்கும் ஒன்று. புள்ளிகளை மாஸ்கிங் டேப் ஒட்டி அதன் மேல் கூரான பென்சிலால் வையுங்கள். இதற்கு மார்க்கர் பேனா வேண்டாம், அதன் கோடே ஒரு மில்லிமீட்டர் தடிமன் இருக்கும். இப்போது ஓட்டை முன்பு சொன்ன இடத்தில் நிறுத்தி, ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் முன்னோக்கி அதே 100 மி.மீ. அளந்து ஓட்டின் மேல் புள்ளி வையுங்கள். புள்ளிகளை இணைத்தால் ஃபயர்வால் விளிம்பு அப்படியே ஓட்டின் மேல் வந்துவிடும்.

ஜெல்கோட் என்ற வெளிப்பூச்சு இல்லாத ஓடாக இருந்தால் இன்னொரு சோதனை உண்டு. இடத்தை இருட்டாக்கி, ஃபயர்வாலுக்கு முன்னாலிருந்து பிரகாசமான விளக்கை ஓட்டின் உட்புறத்தில் பிடியுங்கள். ஃபைபர் கிளாஸ் வழியாக வெளிச்சம் மஞ்சளாகக் கசியும், தகடு தொடங்கும் இடத்தில் சட்டென்று நிழல் விழும். பென்சில் கோடும் நிழல் கோடும் ஒன்றின் மேல் ஒன்று விழுந்தால் தைரியமாக அடுத்த படிக்குப் போகலாம். விலகினால் ஓடு எங்கேயோ நகர்ந்துவிட்டது, திரும்ப அளக்க வேண்டும்.

ஓடு தகட்டின் மேல் ஏறியிருக்கும்போது சற்று விரிந்து நிற்கும். வெட்டி, உள்ளே இறங்கியதும் கொஞ்சம் சுருங்கும். அதனால் இந்தக் கோட்டில் நேராக வெட்டவே கூடாது. கோட்டுக்கு வெளியே 3 மி.மீ. விட்டு வெட்டுங்கள். மீதி தேய்த்துத்தான் போக வேண்டும்.

6. வெட்டும் கருவிகள், தூசி

பல் வைத்த ரம்பம் ஃபைபர் கிளாஸ் விளிம்பைப் பிய்த்துவிடும். வைரத் துகள் அல்லது கார்பைடு துகள் பதித்த சிறிய வட்டு, சிறிய சுழல் கருவியில் மாட்டினால் சுத்தமாக வெட்டும். கோட்டின் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டி, அதன் மேல் கோடு போட்டு வெட்டினால் மேற்பரப்பு சிதறாது. தேய்க்க, நேரான அலுமினியச் சதுரக் குழாயில் 80 எண் உப்புத்தாளை ஒட்டிக்கொள்ளுங்கள். வெறும் விரலால் உப்புத்தாளைப் பிடித்துத் தேய்த்தால் விளிம்பு அலையடித்துப் போகும்.

சில கவுலிங்குகளில் இரண்டு ஃபைபர் கிளாஸ் அடுக்குகளுக்கு நடுவில் தேன்கூட்டு அமைப்பு இருக்கும். ஓரத்தில் அது முடிந்து வெறும் ஃபைபர் கிளாஸாக மெலியும். வெட்டுக்கோடு அந்த மெலிந்த பகுதிக்குள் விழ வேண்டும். எங்காவது தேன்கூட்டுக்குள் வெட்டு போக நேர்ந்தால் திறந்த ஓரத்தில் ஒரு விரல் அகலத்துக்குக் கூட்டைச் சுரண்டி எடுத்து, எபாக்ஸியில் பஞ்சுத்தூள் கலந்து அடைத்துவிடுங்கள். திறந்தே விட்டால் எண்ணெயும் பெட்ரோலும் உள்ளே ஊறும்.

கண்ணாடி இழைத் தூசியை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். துகள் வடிகட்டும் முகமூடி, கண்ணாடி, முழுக்கைச் சட்டை மூன்றும் கட்டாயம். வெட்டும் இடத்தில் வாக்குவம் கிளீனர் குழாயைப் பிடித்துக்கொள்ள ஒரு ஆள் இருந்தால் பெரிய உதவி. கழுவும்போது முதலில் குளிர்ந்த நீர். கார்பன் இழை ஓடு என்றால் கூடுதல் எச்சரிக்கை: அந்தத் தூசி மின்சாரத்தைக் கடத்தும். மின் கருவிகள் திறந்து கிடக்கும் இடத்தில் வெட்டாதீர்கள்.

7. மேல் ஓட்டை இறக்கித் துளை போடுவது

தேய்த்துத் தேய்த்து வைத்துப் பார்த்தால் ஒரு கட்டத்தில் ஓடு தகட்டுக்கு முன்னால் விழுந்து உட்காரும். அதன் பிறகு ஒவ்வொரு முறையும் நாலைந்து இழுப்பு மட்டும் தேய்த்துப் பாருங்கள். எங்கே முட்டுகிறது என்று தெரியாவிட்டால் தகட்டின் விளிம்பில் சுண்ணாம்புக்கட்டி தேய்த்து ஓட்டை வைத்து எடுங்கள், முட்டும் இடம் வெள்ளையாகத் தெரியும். இறுதியில் விளிம்போடு விளிம்பு ஒட்டி நிற்கக் கூடாது. பெயின்ட் இரண்டு விளிம்பிலும் ஏறும் என்பதால் சுமார் 0.8 மி.மீ. இடைவெளி சுற்றிலும் சீராக வேண்டும். இடைவெளி அளக்கும் பழைய ஃபீலர் கேஜ் தகடு ஒன்றை ஓட்டிப் பார்த்தால் போதும்.

ஃபயர்வால் ஓரத்திலும் கீல்தான் என்றால், கீலின் ஒரு பாதி உடல்தகட்டின் அடியில் ரிவெட் ஆகும், மறுபாதி கவுலிங்கின் அடியில் வரும். கவுலிங் உடல்தகட்டைவிடத் தடிமன் என்பதால், உடல்பக்கக் கீலுக்கும் தகட்டுக்கும் நடுவில் மெல்லிய பட்டை கொடுத்துக் கீலை உள்ளே தள்ள வேண்டும். அப்போதுதான் வெளிப்புறம் ஒரே மட்டமாக வரும். ஓட்டின் தடிமன் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்காது. நாலைந்து இடத்தில் காலிப்பரால் அளந்து பட்டையின் கனத்தை முடிவு செய்யுங்கள்.

துளை போடும் வரிசை முக்கியம். மேல் நடுவில் முதல் துளை, கிளெக்கோ. பிறகு இடம் ஒன்று, வலம் ஒன்று என மாறி மாறிக் கீழே இறங்க வேண்டும். ஒவ்வொரு துளைக்கு முன்னாலும் ஓட்டை உள்ளங்கையால் கீலோடு சேர்த்து அழுத்துங்கள். ஒரு பக்கம் முழுவதையும் முடித்துவிட்டு மறுபக்கம் வந்தால் ஓடு முறுக்கிக்கொள்ளும், மேலே உப்பல் விழும். பறக்கும்போது எஞ்சினுக்கு மேலே உள்ள அறையில்தான் காற்றழுத்தம் அதிகம். அது மேல் ஓட்டை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். தரையில் சிறிதாகத் தெரியும் உப்பல் காற்றில் பெரிதாகும். முதலில் சிறிய துளையாகப் போட்டு, எல்லாம் சரி என்று ஆன பிறகு முழு அளவுக்குப் பெரிதாக்குங்கள்.

8. கீழ் ஓடும் பக்கக் கோடும்

கீழ் ஓட்டை ஒற்றை ஆளாகச் செய்ய முயல வேண்டாம். ஒருவர் தாங்க, ஒருவர் பார்க்க வேண்டிய வேலை அது. மூக்குச் சக்கரம் உள்ள விமானத்தில் அதன் கால் நுழைய ஓட்டின் நடுவில் பிளவு வெட்ட வேண்டியிருக்கும். அந்தப் பிளவை ஓடு ஏறும் அளவுக்கு மட்டும் முதலில் வெட்டி, பிறகு விரிக்கலாம்.

மேல் ஓட்டின் பக்கவிளிம்பைத்தான் முதலில் நேராக்க வேண்டும். ஸ்பின்னரின் நடு உயரத்திலிருந்து ஃபயர்வாலில் வரைபடம் காட்டும் இடம் வரை லேசர் மட்டக் கோட்டை அடித்து, அதன்படி டேப் ஒட்டி வெட்டித் தேயுங்கள். இந்தக் கோடு விமானத்தின் பக்கத் தோற்றத்தில் முதலில் கண்ணில் படுவது. பத்தடி தள்ளி நின்று பார்த்து இரண்டு பக்கமும் ஒரே சாய்வா என்று உறுதி செய்யுங்கள். பிறகு கீழ் ஓட்டின் மேல்விளிம்பை அதன் உட்புறமாக நுழைத்துத் தூக்கி, ஃபயர்வால் பக்கமும் மூக்குப் பக்கமும் கிளெக்கோ போட்டு நிறுத்தி, மேல் ஓட்டின் விளிம்பை ஒட்டிக் கீழ் ஓட்டில் பென்சில் கோடு இழுக்கலாம். வெட்டுவது கோட்டுக்கு வெளியே 2 மி.மீ. விட்டு. மீதிக்கு உப்புத்தாள்.

வார்த்த ஓடு சில நேரம் முறுக்கிக்கொண்டு வரும், இரண்டு விளிம்பும் ஒரே மட்டத்தில் நிற்காது. ஹாட் கன்னால் மெதுவாகச் சூடாக்கி, பிடித்து வைத்து, ஆறவிட்டால் கொஞ்சம் வழிக்கு வரும். கையால் தொட முடியாத சூட்டுக்குப் போனால் அடுக்குகள் பிரியும் அபாயம் உண்டு.

9. கீல், ரிவெட், கம்பி

ஃபைபர் கிளாஸில் ரிவெட்டைச் சுத்தியால் அடித்தால் தண்டு பருத்து அடுக்குகளை விரிசல் விடச் செய்யும். கையால் பிடித்து அழுத்தும் ஸ்குவீசர் வைத்து மெதுவாக அழுத்துங்கள். அதற்கு முன் கீல் ஒட்டும் இடத்தை இரண்டு பரப்பிலும் சொரசொரப்பாக்கி, பஞ்சுத்தூள் கலந்த எபாக்ஸி மெல்லிதாகத் தடவிவிட்டால் ரிவெட்டும் பசையும் சேர்ந்து பிடிக்கும். தடவும் முன் கீலின் கண்களுக்குள் பசை போகாதபடி கம்பியில் கிரீஸ் பூசி உள்ளேயே வைத்திருங்கள். கார்பன் ஓட்டில் அலுமினியக் கீல் நேராகப் பட்டால் அரிப்பு வரும். நடுவில் ஒரு அடுக்கு கண்ணாடி இழைத் துணி கொடுங்கள்.

கம்பி எந்த வழியாக நுழையும், எந்த வழியாக வெளியே வரும் என்பதைக் கீல் ரிவெட் ஆகும் முன்பே திட்டமிட வேண்டும். பக்கவாட்டுக் கம்பியை முன்பக்கக் காற்று வாய் வழியாகத் தள்ளுவது வழக்கம். எந்த வழியானாலும் கம்பியின் முனையை வளைத்து, திருகோ தகடோ போட்டுப் பூட்ட வேண்டும். பூட்டாத கம்பி அதிர்வில் நகர்ந்து வெளியே வந்தால் போய்ச் சேரும் இடம் புரொப்பெல்லர். முதல் பறப்புக்கு முன் பரிசோதகரும் இதைத்தான் கையால் இழுத்துப் பார்ப்பார்.

10. உள்ளே எது எதில் முட்டும்

ஓடுகள் இரண்டும் மாட்டியாகிவிட்டது, வெளியே அழகாக இருக்கிறது. உள்ளே பார்த்தாக வேண்டும். எஞ்சின் ரப்பரில் தொங்குகிறது. ஸ்டார்ட் ஆகும்போதும் நிற்கும்போதும் பலமாகக் குலுங்கும். எந்தப் பாகத்துக்கும் ஓட்டுக்கும் நடுவில் குறைந்தது 12 மி.மீ. வேண்டும், எக்ஸாஸ்டுக்கு 25 மி.மீ. அளப்பதற்கு எட்டாத இடங்களில் மாடலிங் களிமண்ணை உருட்டி அந்தப் பாகத்தின் மேல் ஒட்டி, ஓட்டை மாட்டிக் கழற்றுங்கள். களிமண் நசுங்கிய கனம்தான் அங்கே இருக்கும் இடைவெளி.

எக்ஸாஸ்ட் கீழே வெளியேறும் வாயில் இன்னும் தாராளமாக விடுங்கள். குழாய் சூட்டில் நீளும், எஞ்சினும் காலப்போக்கில் தாழும். இடைவெளி போதாத இடங்களில் ஓட்டின் உட்புறத்தில் வெப்பம் தாங்கும் போர்வையும் அதன் மேல் அலுமினியத் தாளும் ஒட்டி, ஓரங்களை எண்ணெய் நுழையாதபடி அடைக்க வேண்டும். காற்றுப் பெட்டியும் கீழ் ஓட்டின் காற்று வாயும் நெகிழும் ரப்பரால் மட்டுமே சேரலாம். இறுக்கமாகச் சேர்த்தால் ஏதாவது ஒன்று விரியும்.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் எண்ணெய் அளவுகோலுக்கான கதவை மேல் ஓட்டில் வெட்டுவது. அப்போதுதான் கோல் எங்கே இருக்கிறது என்று உண்மையில் தெரியும். பேஃபிள் தகடுகளையும் இப்போது வெட்டலாம். ஓட்டின் உட்புறத்துக்கும் தகட்டு விளிம்புக்கும் 10 முதல் 12 மி.மீ. விட்டால், அதை ரப்பர் பட்டை அடைத்துக்கொள்ளும்.

11. மேற்பரப்பு, பட்டி, பெயின்ட்

ஓடு பாலியெஸ்டரில் வார்த்ததோ எபாக்ஸியில் வார்த்ததோ, மேற்கொண்டு நீங்கள் செய்யும் வேலை எல்லாம் எபாக்ஸியிலேயே இருக்கட்டும். இறுகிய பாலியெஸ்டர் மேல் எபாக்ஸி பிடிக்கும், எபாக்ஸி மேல் பாலியெஸ்டர் சரியாகப் பிடிக்காது. வாகனக் கடையில் கிடைக்கும் பாலியெஸ்டர் பட்டி விலை குறைவு என்று எடுத்துப் பூசினால் பிறகு உரியலாம்.

எபாக்ஸியை எடை போட்டுக் கலப்பது கண் அளவைவிட நம்பகம். ஒரே கிண்ணத்தில் நிறையக் கலக்காதீர்கள். மொத்தமாக இருக்கும் ரெசின் தானாகச் சூடேறி, கிண்ணத்திலேயே புகைந்து இறுகிவிடும். இறுகிய பரப்பில் மெழுகு போல் ஒரு படலம் வந்தால் தண்ணீரில் கழுவித் தேய்த்த பிறகே அடுத்த பூச்சு. பள்ளம் நிரப்ப மைக்ரோபலூன் (உள்ளே வெற்றிடமான மிகச் சிறிய உருண்டைகளின் தூள்) கலவை. அது லேசானது, எளிதில் தேயும், ஆனால் வலு கிடையாது. வலு வேண்டிய இடத்துக்குப் பஞ்சுத்தூள் கலவைதான்.

எபாக்ஸி ஓட்டில் ஊசித்துளைகள் நிறைய இருக்கும். பிரைமர் அடித்த பிறகுதான் கண்ணுக்குத் தெரியும். முதலிலேயே வெறும் எபாக்ஸியைப் பிளாஸ்டிக் பட்டையால் இழுத்து இழுத்துத் தேய்த்துத் துளைகளை நிரப்பிவிடுங்கள். உட்புறத்துக்கும் எபாக்ஸி பூச்சு ஒன்று கொடுத்து, மேலே வெள்ளை பெயின்ட் அடித்தால் எண்ணெய்க் கசிவு உடனே தெரியும். இரண்டு பாகப் பாலியூரிதேன் பெயின்டில் ஐசோசயனேட் என்ற, மூச்சுக்குக் கெடுதலான பொருள் உண்டு. அதற்குச் சாதாரண முகமூடி போதாது, வெளிக்காற்று தரும் முகமூடி வேண்டும். அந்த வசதி இல்லையென்றால் பெயின்ட் கடையிடம் விட்டுவிடுங்கள்.

12. எடை, முதல் பறப்புகள்

பெயின்ட் முடிந்த ஓடுகளைத் திரும்ப எடை போட்டுப் பழைய எடையோடு ஒப்பிடுங்கள். மூக்கில் ஏறும் ஒவ்வொரு கிலோவும் ஈர்ப்பு மையத்தை முன்னால் இழுக்கும். எடை-சமநிலைத் தாளுக்கு விமானத்தை நிறுக்கும்போது கவுலிங்கும் ஸ்பின்னரும் மாட்டியிருக்க வேண்டும். பெயின்டுக்கு முன்பே நிறுத்திருந்தால், பெயின்டுக்குப் பின் மறுபடி நிறுக்க வேண்டும்.

முதல் சில பறப்புகளுக்குப் பின் ஒவ்வொரு முறையும் இரண்டு ஓடுகளையும் கழற்றிப் பாருங்கள். வெள்ளை பெயின்டில் தேய்ந்த கோடு, பழுப்பேறிய இடம், ரிவெட் தலையைச் சுற்றிக் கறுப்புத் தூள் இவை தெரிந்தால் அங்கே இடைவெளி போதவில்லை, சூடு அதிகம், அல்லது ரிவெட் தளர்கிறது. 50 மணி நேரம் பறந்த பிறகு ஸ்பின்னருக்கும் கவுலிங்குக்கும் உள்ள உயர வித்தியாசத்தை மறுபடி அளந்து பதிவேட்டில் எழுதுங்கள். எதிர்பார்த்ததைவிட மூக்கு அதிகம் தாழ்ந்திருந்தால் கவுலிங்கைத் தொடாதீர்கள். ரப்பர் மவுண்டுகளில் எங்கே, எத்தனை வாஷர் கொடுக்கலாம் என்று கிட் தயாரிப்பாளரிடம் எழுதிக் கேட்டு, அவர் சொன்னபடி எஞ்சினைத் தூக்கி நிறுத்துங்கள்.